ஒகேனக்கல் கிளம்புமுன் வானத்தைப் பார்க்காதீர்கள்

ஒகேனக்கல் போகிறவர்களின் முதல் தப்பு வீட்டு வாசலிலேயே நடந்துவிடுகிறது. தர்மபுரிப் பக்கம் மழை இல்லை, அப்புறம் என்ன என்று காரை எடுத்துவிடுகிறார்கள். அங்கே கொட்டுகிற தண்ணீருக்கும் உள்ளூர் மழைக்கும் பெரிய சம்பந்தம் கிடையாது. குடகிலும் வயநாட்டிலும் பெய்த மழையில் கர்நாடகத்தின் கிருஷ்ணராஜ சாகர், கபினி அணைகள் நிரம்பி, மதகைத் திறந்தால் இங்கே காவிரி பொங்கும். ஆடி மாதம் சுள்ளென்ற வெயிலில் போய் இறங்கி, குளிக்கவும் பரிசலில் போகவும் தடை என்று கேட்டுத் திரும்பியவர்களில் நானும் ஒருவன்.

பார்க்க வேண்டியது, காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழையும் எல்லையில் இருக்கிற பிலிகுண்டுலுவின் நீர்வரத்து. மத்திய நீர்வள ஆணையம் அங்கே அளப்பதுதான், விநாடிக்கு இத்தனை கனஅடி என்று செய்தியில் வருகிறது. தண்ணீர் கூடினால் அருவியும் அழகாக இருக்கும் என்பது தப்புக்கணக்கு. 2018 ஆகஸ்டில் வரத்து ஒரு லட்சம் கனஅடியைத் தாண்டியபோது பாறைகளோடு அருவிகளும் மூழ்கிவிட்டன. பார்க்க மிஞ்சியது கலங்கல் வெள்ளம் மட்டும்.

தொங்கு பாலத்துக்கு வருவோம். அருவிகளைப் பார்க்க அருமையான இடம், ஆனால் எல்லாரும் ஒரே இடத்தில் நின்று செல்ஃபி எடுப்பதால் நெரிசல். வேண்டுமென்றே குதித்து ஆட்டும் இளவட்டங்களை என்ன சொல்ல! போனைக் கம்பிக்கு வெளியே நீட்டாதீர்கள். விழுந்தால் காவிரித்தாய்க்குக் காணிக்கை, அவ்வளவுதான்.

பரிசலில் லைஃப் ஜாக்கெட்டை மடியில் வைத்துக்கொள்வதும், போட்டோவுக்காக எழுந்து நிற்பதும் மோசமான தவறுகள். வட்டக் கூடை அது, ஒருவர் சாய்ந்தாலே சரியும். கட்டணத்தைக் கவுண்ட்டரில் கேட்டுத் தெரிந்துகொண்டு ஏறுங்கள். நடு ஆற்றில் பேரம் பேச முடியாது.

குளியலை அனுமதித்த இடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஆள் இல்லாத துறையில் தண்ணீர் சாதுவாகத் தெரியும். அடியில் நீர்ச்சுழியும் பாசிப் பாறையும் இருக்கும். இந்த ஆற்றில் முதலையும் உண்டு.

சாப்பாட்டில் ஒரு சின்னத் தப்பு: எண்ணெய் மசாஜும் குளியலும் முடிந்து, பசி வயிற்றைக் கிள்ளும்போது மீன் வாங்கப் போவது. வந்ததும் மீனை வாங்கி, அங்கே சமைத்துத் தருகிற அக்காக்களிடம் கொடுத்துவிட்டு ஆற்றுக்குப் போங்கள். திரும்பும்போது குழம்பு தயாராக இருக்கும். வயிறு முட்டத் தின்றுவிட்டு மசாஜுக்குப் படுக்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன், பாவம்.

பெங்களூரிலிருந்து தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி வழியாக வந்தவர்கள் இருட்டுமுன் கிளம்பிவிட வேண்டும். அது யானை நடமாடும் காட்டுப் பாதை. நேரமாகிவிட்டால் பென்னாகரம், தர்மபுரி வழியாகச் சுற்றிப் போங்கள். தூரம் கூடுதல்தான், பரவாயில்லை.