சிபிஆர்: பள்ளிப் பயிற்சியில் எனக்குப் புரிந்த தவறுகள்

நான் காவேரிப்பட்டினம் பக்கத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறேன். போன மாதம் எங்கள் ஜே.ஆர்.சி. (ஜூனியர் ரெட் கிராஸ்) மாணவர்களுக்கு சிபிஆர், அதாவது இதயம் நின்றவருக்கு நெஞ்சை அமுக்கி, மூச்சு கொடுத்துச் செய்யும் முதலுதவியைச் சொல்லிக்கொடுக்க ஒரு நர்ஸ் சிஸ்டர் வந்தார். இடுப்புக்கு மேல் மட்டும் இருக்கும் ரப்பர் பொம்மை ஒன்றைக் கொண்டுவந்திருந்தார், சரியான ஆழத்துக்கு அமுக்கினால் உள்ளே 'டக்' என்று சத்தம் வரும். நான் முதல் பத்து தடவை அமுக்கியபோது ஒரு தடவை கூட அந்தச் சத்தம் வரவில்லை. பொம்மைதான் என்று தெரிந்தும் வலிக்குமே என்று கை தயங்கியது.

நிறைய பேர் செய்யும் முதல் தவறு இதுதான் என்றார் சிஸ்டர். பெரியவர்களுக்கு நெஞ்சு குறைந்தது 5 சென்டிமீட்டர் உள்ளே போக வேண்டும், 6-ஐத் தாண்டக் கூடாது. 5 சென்டிமீட்டர் என்றால் எவ்வளவு என்று ஸ்கேலை எடுத்துப் பாருங்கள், நாம் நினைப்பதை விட ரொம்ப அதிகம். விலா எலும்பு உடையலாம், உடைந்தாலும் நிறுத்தக் கூடாது. இதயம் நின்றவருக்கு 4 முதல் 6 நிமிடத்துக்குள் மூளை பாதிக்கப்பட ஆரம்பித்துவிடும், எலும்பை ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொள்ளலாம். முழங்கையை மடக்கினால் பலம் இறங்காது. கையை நேராக நீட்டி, தோள் நேர் மேலே வருகிற மாதிரி மண்டியிட்டு, உடம்பு எடையை இறக்க வேண்டும். இதயம் இடது பக்கம்தானே என்று இடது மார்பிலோ, கீழே இறங்கி வயிற்றிலோ அமுக்கக் கூடாது. நடு நெஞ்சு எலும்பின் கீழ்ப்பாதிதான் இடம். ஒவ்வொரு அமுக்குக்கும் பிறகு நெஞ்சு முழுசாக மேலே வர விட வேண்டும், அப்போதுதான் இதயத்துக்குள் திரும்ப ரத்தம் நிரம்பும். எங்களில் பாதிப் பேர் சோர்ந்துபோய் பொம்மை மேலேயே சாய்ந்துகொண்டு அமுக்கினோம்.

வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120. இதில் நம் எண்ணே ஒரு சிக்கல். ஒண்ணு, ரெண்டு, மூணு வரைக்கும் சரி, அப்புறம் 'இருபத்தொண்ணு, இருபத்திரெண்டு' என்று வாய் நீள நீளக் கையும் மெதுவாகிவிடுகிறது. ஒண்ணு முதல் பத்து வரை மூன்று தடவை எண்ணச் சொன்னார் சிஸ்டர், உடனே வேகம் ஒரே சீராக வந்தது.

ஆனால் அன்றைக்கு என்னை உலுக்கியது வேறு ஒன்று. இரண்டு வருஷத்துக்கு முன்னால் மாங்காய் சீசனில் எங்கள் பக்கத்து வீட்டுத் தாத்தா தோப்பில் திடீரென்று விழுந்தார். கை கால் ஒரு நிமிடம் வெட்டி இழுத்தது, யாரோ ஓடிப்போய் இரும்புச் சாவியைக் கையில் திணித்தார்கள், ஒருவர் தண்ணீர் தெளித்தார், இன்னொருவர் தூக்கி உட்காரவைத்து வாயில் சோடா ஊற்றப் பார்த்தார். அப்புறம் கயிற்றுக் கட்டிலில் படுக்க வைத்தோம். கரையில் போட்ட மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து, குறட்டை போல நடுநடுவே ஒரு மூச்சு இழுத்தார். "மூச்சு இருக்குப்பா, ஒண்ணும் இல்ல" என்று எல்லோரும் சொன்னோம். நானும் சொன்னேன். அவர் பிழைக்கவில்லை.

இதயம் நின்ற பிறகும் சில நிமிடம் அப்படி மூச்சு இழுக்கும், அது மூச்சு இல்லை என்று சிஸ்டர் சொன்னபோது என்னால் தலை நிமிர முடியவில்லை. தொடக்கத்தில் கொஞ்ச நேரம் வலிப்பு மாதிரி இழுப்பதும் இதயம் நின்றதன் அடையாளமாக இருக்கலாம். அதனால் தோளைத் தட்டிக் கூப்பிட்டும் அசையவில்லை, மூச்சு இல்லை அல்லது இப்படி விட்டு விட்டு இழுக்கிறது என்றால் அமுக்க ஆரம்பித்துவிடுங்கள். பார்ப்பதற்கு 10 விநாடிக்கு மேல் வேண்டாம். நாடி தேடி நேரத்தைக் கழிக்க வேண்டாம், பழக்கம் இல்லாதவர்களுக்கு அது பிடிபடாது. அவருக்கு நினைவு இருந்தால் முனகுவார், கையைத் தட்டிவிடுவார், அப்போது நிறுத்திக்கொள்ளலாம். கட்டிலில் அமுக்கினால் கயிறுதான் தொய்யும், நெஞ்சு அமுங்காது, தரையில் இறக்குங்கள். வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மயக்கத்தில் அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.

கிணற்றிலோ கே.ஆர்.பி. அணையிலோ ஒகேனக்கல்லிலோ தண்ணீரில் மூழ்கியவர் என்றால் விஷயம் கொஞ்சம் மாறும். தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும், தண்ணீர் வெளியே வரட்டும் என்று வயிற்றை அமுக்குவதும் நம் பக்கத்தில் இன்னும் நடக்கிறது. அதில் நேரம் போவது மட்டுமில்லை, வாந்தி வந்து நுரையீரலுக்குள் இறங்கும். மூழ்கியவருக்குக் குறைவது காற்று. அதனால் பயிற்சி எடுத்தவர்கள் தலையை நிமிர்த்தி, தாடையைத் தூக்கி, மூக்கைப் பிடித்து முதலில் 2 மூச்சு கொடுத்துவிட்டு 30 அமுக்கு, 2 மூச்சு என்று தொடர வேண்டும். பலமாக ஊத வேண்டாம், நெஞ்சு எழும்புகிற அளவுக்கு ஒரு விநாடி போதும். மூச்சு கொடுக்கத் தெரியாதவர்கள் அமுக்குவதையாவது செய்யுங்கள், சும்மா நிற்காதீர்கள்.

பயிற்சி முடிந்ததும் எங்கள் வகுப்புப் பையன்கள் ஒருவரை ஒருவர் படுக்க வைத்து அமுக்கிப் பார்த்தார்கள், பி.டி. சார் ஓடி வந்து தடுத்தார். உயிரோடு நன்றாக இருப்பவர் நெஞ்சில் ஒருபோதும் பழகக் கூடாது. வீட்டில் தலையணை போதும், கை வைக்கும் விதமும் எண்ணிக்கையும் பழகும்.

108-க்குப் பேசப் போகிறேன் என்று அமுக்குவதை விட்டு எழுந்துவிடாதீர்கள். ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வையுங்கள், அவர்கள் சொல்லச் சொல்லச் செய்யலாம். 2 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுங்கள், அதற்கு மேல் யார் அமுக்கினாலும் ஆழம் குறைந்துவிடும். மாறும்போது இடைவெளி 10 விநாடியைத் தாண்ட வேண்டாம். தோப்புக்கும் கொட்டாய்க்கும் வழி சொல்லிப் புரியவைப்பது கஷ்டம், அதனால் ஒருவரை பைக்கில் மெயின் ரோட்டுக்கு அனுப்பி ஆம்புலன்ஸைக் கூட்டிவரச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் அந்த வேலை தம்பிக்கு. நானும் அம்மாவும் மாறி மாறி அமுக்குவது என்று பேசி வைத்திருக்கிறோம், போன ஞாயிற்றுக்கிழமை தலையணையை வைத்து அம்மா முதல் தடவையாக முப்பது வரை எண்ணி முடித்தார்.