அரசியல் ஓபராவா? கதை தெரிந்துகொண்டே போங்கள்

கூத்துப் பார்க்கப் போகிறவருக்குப் பாஞ்சாலி கதை முன்பே தெரியும். முழுக்கப் பாட்டாலேயே கதை சொல்லும் மேலை நாட்டு மேடை நாடகமான ஓபராவுக்கும் அப்படித்தான் போக வேண்டும். ஜான் ஆடம்ஸ் இசையமைத்து 1987-இல் ஹூஸ்டனில் அரங்கேறிய 'நிக்சன் இன் சைனா' நல்ல உதாரணம். 1972 பிப்ரவரியில் அமெரிக்க அதிபர் நிக்சன் பெய்ஜிங் போனதுதான் கதை. சீனத் தலைவர் மாவோ, சீனப் பிரதமர் சூ என்லாய், நிக்சனின் ஆலோசகர் கிஸ்ஸிஞ்சர் யார் யார் என்று அரை மணி நேரம் படித்தால் போதும்.

ஆங்கிலப் பாட்டுதானே, புரியாதா? புரியாது. பெண்குரல் உச்ச ஸ்தாயிக்குப் போனால் உயிரெழுத்தெல்லாம் ஒன்றுபோலக் கேட்கும். மேடைக்கு மேலே சின்னத் திரையில் ஓடும் பாட்டு வரிகள்தான் துணை. முன்வரிசையில் உட்கார்ந்தால் கழுத்து வலிக்கும். மாடிக்கு அடியில் கடைசி வரிசை என்றால் அந்தத் திரை மறையலாம். கீழ்த்தளத்தின் நடுவரிசையைக் கேட்டு வாங்குங்கள்.

கோலாலம்பூரில் இஸ்தானா புடாயா அரங்கில் முழு மேடையமைப்புக்கு வசதியுண்டு. டேவான் ஃபிலார்மோனிக் பெட்ரோனாஸ் கச்சேரிக்காகக் கட்டியது. அங்கே ஓபரா பெரும்பாலும் காட்சிகள் இல்லாத கச்சேரியாகவே நடக்கும். டிக்கெட் வாங்குமுன் இதைப் பார்த்துவிடுங்கள். ஜீன்ஸ், சிலிப்பர் வேண்டாம். நீளக்கை பாத்தேக் சட்டை அல்லது புடவை பொருத்தம். சால்வை அவசியம், உள்ளே குளிர் எலும்பைத் தொடும். வெள்ளிக்கிழமை மழையும் ஜாமும் சேர்ந்தால் காரை நம்பாதீர்கள். மணியடித்த பிறகு வந்தவரை இடையில் ஓய்வு வரும்வரை வெளியே நிறுத்திவிடுவார்கள்.

இசைக்குழு ஒரே இசைத் துணுக்கைத் திரும்பத் திரும்ப வாசிக்கும். சலிக்காமல், அது எந்த இடத்தில் நழுவி மாறுகிறது என்று கவனியுங்கள். மாவோ பாடுவதை மூன்று செயலாளர்கள் எதிரொலிப்பார்கள். நம் கூத்தின் பின்பாட்டேதான். வரிகள் குழம்பினால் மாவோவை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டாம் அங்கத்தில் கதைக்குள்ளேயே நடக்கும் பாலே நடனத்தில் கிஸ்ஸிஞ்சராக நடித்தவரே பண்ணையாரின் அடியாளாக வருவார். ஆள் பற்றாக்குறை இல்லை, அதுதான் கிண்டல்! கைதட்டலை இசைக்குழு நடத்துநரின் கை இறங்கிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் அங்கத்தில் வெளியே எதுவும் நடக்காது. கடைசி இரவு, ஆளுக்கொரு பழைய நினைவு, அவ்வளவுதான். பலர் இங்கேதான் எழுந்து போவார்கள். செய்ததில் எவ்வளவு நல்லது என்று சூ என்லாய் பாடுவது இதன் கடைசியில் வருகிறது. எனவே கடைசி எல்ஆர்டி ரயில் எத்தனை மணிக்கு என்பதை இடைவேளையிலேயே பார்த்து வையுங்கள்.