வணிக அடையாளம் சிதறாமல் இருக்கத் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காவேரிப்பட்டணம் பக்கத்தில் நிப்பட்டும் முறுக்கும் செய்து விற்கும் ஒருவர், புதிய கவர் அச்சிட வேண்டும் என்று தருமபுரியில் நான் நடத்தும் அச்சு வடிவமைப்பு அலுவலகத்துக்கு வந்திருந்தார். பழைய கவரை மட்டும் காட்டினால் போதாது, உங்கள் கடைப் பெயர் அச்சான எல்லாவற்றையும் எடுத்து வாருங்கள் என்று முன்பே சொல்லியிருந்தேன். பில் புக், விசிட்டிங் கார்டு, அரைக் கிலோ கவர், அட்டைப்பெட்டி, தினசரி காலண்டர், கைப்பேசியில் எடுத்த கடைப் பலகையின் படம் ஆகிய ஆறையும் மேசையில் வரிசையாக வைத்தோம். பலகையில் பெயருக்கு முன்னால் 'ஸ்ரீ' இருந்தது, பில் புக்கில் இல்லை. கவரில் 'பலகாரங்கள்', கார்டில் 'ஸ்நாக்ஸ்', பெட்டியில் 'ஃபுட்ஸ்' என்றிருந்தது. பலகையின் அரக்குச் சிவப்பு கவரில் ஆரஞ்சாகவும் காலண்டரில் ரோஜா நிறமாகவும் மாறியிருந்தது. சின்னமாக வைத்திருந்த ஐந்துமுகக் குத்துவிளக்கில், அட்டைப்பெட்டிக்கு வந்து சேர்ந்தபோது மூன்று சுடர்களே மிஞ்சியிருந்தன. வெகுநேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தவர், "இதெல்லாம் ஒரே கடைன்னு நமக்கு மட்டும்தான் சார் தெரியும்" என்றார்.

அவருடைய பலகாரத்தில் ஒரு குறையும் இல்லை. ஆறு பொருள்களையும் ஆறு வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு ஆண்டுகளில், அவசரத்தில் அச்சிட்டிருக்கிறார். ஒவ்வோர் இடத்திலும் வடிவத்தை முடிவு செய்தவர் அங்கே கணினி முன் அமர்ந்திருந்தவர்தான். பெயர் எப்படி எழுதப்பட வேண்டும், நிறம் எது, சின்னம் எது என்பதைக் கடைக்காரர் ஒருமுறை தீர்மானித்து எங்கும் எழுதி வைக்கவில்லை என்பதே மூலத் தவறு. கீழே சொல்லப்போகும் தவறுகளில் பெரும்பாலானவை இதிலிருந்து கிளைத்தவை. பேருந்து நிலையத்துப் பெட்டிக்கடையில் தொங்கும் சரங்களுக்கு நடுவே வாடிக்கையாளர் ஒரு பொட்டலத்தை எழுத்துக் கூட்டிப் படித்துத் தேர்ந்தெடுப்பதில்லை. போன முறை வாங்கியதன் நிறமும் பெயரின் தோற்றமும் கண்ணில் பட்டதும் கை அதை நோக்கிப் போகிறது. அந்தத் தோற்றம் இடத்துக்கு இடம் மாறினால், நல்ல பலகாரம் ஈட்டித் தந்த நம்பிக்கை அடுத்த பொட்டலத்துக்கு வந்து சேர்வதில்லை.

எழுத்துக்கூட்டலில் நேரும் தவறு எல்லோரும் அற்பமென்று ஒதுக்குவது. என் அனுபவத்தில் மிக அதிகமாகச் சேதம் செய்வதும் அதுவே. நம் ஊர்ப் பெயர்களே இரண்டு விதமாக எழுதப்படுகின்றன: தருமபுரி என்றும் தர்மபுரி என்றும், ஓசூர் என்றும் ஹோசூர் என்றும், காவேரிப்பட்டணம் என்றும் காவேரிப்பட்டினம் என்றும், ஒகேனக்கல் என்றும் ஹொகேனக்கல் என்றும் காண்கிறோம். ஊர்ப் பெயரைக் கடைப் பெயரோடு சேர்த்துக்கொள்பவர்கள் இவற்றுள் ஒன்றைத் தேர்ந்து, பலகை முதல் பில் வரை அதையே எழுத வேண்டும். 'பலகாரக் கடை' என்பதில் வரும் ஒற்று ஓரிடத்தில் இருந்து இன்னோரிடத்தில் இல்லாமல் போவதும் இதே வகைதான். ஆங்கிலத்தில் எழுதும்போது குழப்பம் இன்னும் கூடுகிறது. லட்சுமி என்ற பெயரை 'எக்ஸ்' போட்டும், 'கே-எஸ்-ஹெச்' போட்டும், 'டி-சி-ஹெச்' போட்டும் எழுதுகிறார்கள். ஜி.எஸ்.டி. சான்றில் ஒரு விதமும் வங்கிக் கணக்கில் ஒரு விதமும் கவரில் ஒரு விதமும் இருந்தால், வாடிக்கையாளர் தேடும்போது கடை கிடைக்காது. மொத்த வியாபாரி காசோலை எழுதும்போதும் தடுமாறுவார்.

ஓசூர் வழியாகப் பெங்களூருக்குச் சரக்கு அனுப்புகிறவர்களுக்கு இதில் இன்னொரு சிக்கல் உண்டு. தமிழில் 'ப' என்ற ஓர் எழுத்து செய்யும் வேலையைக் கன்னடத்திலும் தெலுங்கிலும் நான்கு தனித்தனி எழுத்துகள் செய்கின்றன. க, த முதலியவற்றுக்கும் அப்படியே. 'பாலாஜி' என்பதைத் தமிழ்ப் பலகையைப் பார்த்து எழுத்துக்கு எழுத்தாகக் கன்னடத்துக்கு மாற்றினால், பழத்தின் 'ப' அங்கே போய் உட்கார்ந்துவிடும். அத்திப்பள்ளியைத் தாண்டியவுடன் அந்தப் பெயரை வேறு மாதிரி உச்சரிப்பார்கள். எல்லையோரத்தில் தொழில் செய்பவர் தன் பெயரின் கன்னட, தெலுங்கு வடிவங்களை அம்மொழி படிக்கத் தெரிந்தவரிடம் ஒருமுறை காட்டிச் சரிபார்த்து, அந்த வடிவத்தையே எங்கும் கொடுக்க வேண்டும். லாரிக்குப் பெயர் எழுதுபவரின் ஊகத்துக்கு அதை விடக்கூடாது.

காலண்டரைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய நம் இரு மாவட்டங்களில் ஒரு கடையின் பெயர் மிக நீண்ட காலம் கண்ணெதிரே இருக்கும் இடம் அதுதான். ஆடிப்பெருக்கன்று சிவகாசியில் புதிய காலண்டர் மாதிரி ஆல்பங்கள் வெளியாகும். ஏஜென்ட் வந்து படத்தைக் காட்டுவார், எண்ணிக்கையைக் குறித்துக்கொள்வார், கடைப் பெயரை ஒரு தாளில் கையால் எழுதிக்கொண்டு போவார். அந்தக் கையெழுத்தைப் பார்த்து அங்கே ஒருவர் புதிதாகத் தட்டச்சு செய்வதில் பெயரும் மாறலாம், எண்ணும் மாறலாம். புரூஃபை, அதாவது அச்சுக்கு முந்தைய சரிபார்ப்புப் படியை, கேட்டு வாங்கிப் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே அச்சுக்குப் போகச் சொல்லுங்கள். ஒரு எண் தவறிய தொலைபேசி எண் ஆண்டு முழுவதும் வாடிக்கையாளர் வீட்டுச் சுவரில் ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கும். அதைத் திருத்த வழியே இல்லை.

அடுத்தது, சின்னத்தின் மூலக் கோப்பு கடைக்காரரிடமே இல்லாமல் இருப்பது. "வாட்ஸ்அப்ல அனுப்பிட்டேன், பாருங்க" என்று வருவது பெரும்பாலும் பலகையைப் படம் பிடித்த ஒரு புகைப்படம்தான். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கி அனுப்புவதால், கைப்பேசித் திரையில் தெளிவாகத் தெரிவது பத்தடி ஃபிளெக்ஸில் கட்டம் கட்டமாக உடைந்து தெரியும். அதைச் சரிசெய்வதற்காக வடிவமைப்பாளர் அதன் மேல் புதிதாக வரைவார். குத்துவிளக்கு இரண்டு சுடர்களை இழந்தது இப்படி வரைந்தபோதுதான். கோரல்ட்ரா என்ற வரைகலை மென்பொருளில் வரைந்த மூலக் கோப்பை, அதாவது எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாத வெக்டர் வடிவத்தை, வடிவமைப்புக்குக் கூலி கொடுக்கும் அன்றே கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். அதைப் பிடிஎஃப் ஆகவும் சேமித்து, மின்னஞ்சலில் தனக்குத்தானே ஒரு பிரதி அனுப்பி வைத்துக்கொள்வது நல்லது. வாட்ஸ்அப்பில் அனுப்பித்தான் ஆக வேண்டுமென்றால் படமாக அனுப்பாமல் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள்.

அந்தக் கோப்பில் தமிழ் எழுத்துகளை 'கர்வ்' ஆக, அதாவது வெறும் கோட்டு வடிவமாக, மாற்றியிருக்கிறார்களா என்பதையும் கேளுங்கள். நம் டிடிபி (கணினித் தட்டச்சு) நிலையங்களில் பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. அவை எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான யூனிகோடு முறையில் அமைந்தவை அல்ல. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால், கடைப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகளும், மெய்யெழுத்தின் புள்ளிக்குப் பதிலாக அரைப்புள்ளிகளும் வந்து நிற்கும். அதைப் பார்த்ததும் அங்கிருப்பவர் தன்னிடமுள்ள வேறோர் எழுத்துருவில் பெயரை அடித்து வேலையை முடித்துவிடுவார். அவர்மேல் குற்றமில்லை, ஆனால் பத்து ஆண்டுகளாக மக்கள் பார்த்துப் பழகிய 'ழ'வின் வளைவு அன்றோடு போய்விடும். கர்வ் ஆக்கிய எழுத்து ஓவியம் போல நின்றுவிடுவதால் எந்தக் கணினியிலும் மாறாது.

நிறத்தைப் பொறுத்தவரை, 'பச்சை' என்றோ 'சிவப்பு' என்றோ வாயால் சொல்லிவிட்டு வருவதே தவறு. கைப்பேசித் திரை சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று ஒளிகளைக் கலந்து நிறம் காட்டுகிறது. ஆப்செட் அச்சு சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு மைகளைக் கலந்து காட்டுகிறது. திரையில் ஒளிரும் கிளிப்பச்சை சிலவற்றை இந்த நான்கு மைகளால் தாளில் கொண்டுவரவே முடியாது. ஆகவே திரையைப் பார்த்து நிறத்தைத் தேர்ந்தெடுக்காமல், அச்சான தாளைப் பார்த்துத் தேர்ந்தெடுத்து, நான்கு மைகளின் விழுக்காட்டையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். திரைக்கான நிற எண்ணையும் அதன் பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். வெயிலில் நிற்கும் ஃபிளெக்ஸில் மஞ்சளும் மெஜந்தாவும் முதலில் வெளுக்கும். நீலமும் கறுப்பும் தாக்குப்பிடிக்கும். கிருஷ்ணகிரியில் புறவழிச்சாலை ஓரத்துப் பலகைகளில் மாம்பழமே நீலம் பாய்ந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். பழம் விற்பவருக்கும் பழக்கூழ் ஆலைக்காரருக்கும் அதைவிடப் பாதகமான விளம்பரம் இல்லை. வெளுத்த பலகையைக் காலத்தோடு மாற்றுவதும் அடையாளத்தைக் காப்பதில் ஒரு பகுதிதான்.

மாங்கூழ் ஆலைகளின் வழியாகவே சொல்ல இன்னொன்று இருக்கிறது. பெங்களூரா, அல்போன்சா ஆகிய மாம்பழ ரகங்களின் கூழை 3.1 கிலோ டின்களில் அடைத்து ஏற்றுமதி செய்வோர், டின்னைச் சுற்றிய லேபிள், அட்டைப்பெட்டி, இன்வாய்ஸ் ஆகிய மூன்றிலும் பெயரும் ரகமும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று பருவம் தொடங்குவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். கூழ் ஓடத் தொடங்கிய பிறகு அதற்கெல்லாம் நேரம் கிடைக்காது.

பிளாஸ்டிக் கவர்கள் பெரும்பாலும் செதுக்கிய உருளைகளால் அச்சிடும் கிராவியூர் முறையில் அச்சாகின்றன. ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் உருளை செய்ய வேண்டும். கவர் கிலோ கணக்கில்தான் வரும். பிழை இருந்தால் அந்தச் சுருள் முழுவதும் தீரும்வரை அது கடைகளில் இருக்கும். ஆகவே தீபாவளிக்குத் தீபாவளி வடிவத்தை மாற்றும் ஆசை வேண்டாம். மாற்றித்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், பழைய கவர் எந்த மாதத்தில் தீரும் என்று கணக்கிட்டு, அதற்கேற்பப் பலகை, பெட்டி, பில் மூன்றையும் அடுத்தடுத்து மாற்றுங்கள். பழையதும் புதியதும் ஒரே கடை அலமாரியில் மாதக்கணக்கில் அருகருகே இருந்தால், ஒன்று போலி என்று வாடிக்கையாளர் நினைப்பதில் நியாயம் இருக்கிறது.

சட்டம் கேட்கும் விவரங்களைக் கடைசி நேரத்தில் கவரில் திணிப்பதாலும் தோற்றம் கெடுகிறது. உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ தரும் 14 இலக்க உரிம எண், நிகர எடை, அதிகபட்ச விலை, தயாரிப்பாளர் முகவரி, சைவத்துக்கான பச்சை வட்டக் குறி ஆகியவற்றுக்கு வடிவமைக்கும்போதே நிலையான இடம் ஒதுக்கிவிட்டால், எத்தனை பலகாரம் புதிதாகச் சேர்ந்தாலும் எல்லாக் கவர்களும் ஒரே குடும்பமாகத் தெரியும். கடைப் பலகையில் தமிழே முதலிலும் மேலோங்கியும் இருக்க வேண்டும் என்பது தமிழ்நாட்டு விதி. தமிழ், ஆங்கிலம், பிற மொழி ஆகியவற்றுக்கு 5:3:2 என்ற விகிதத்தை அதிகாரிகள் சொல்வார்கள். சின்னத்தை ஆங்கிலத்தில் மட்டும் வரைந்து வைத்துவிட்டு, பலகை வைக்கும் நாளில் ஏதோ ஓர் எழுத்துருவில் தமிழை ஒட்டவைப்பவர்கள் பலர். தமிழ் வடிவத்தை முதலில் வரையுங்கள். ஆங்கிலம் அதற்குப் பொருந்தி வரட்டும்.

அண்ணன் தம்பி பிரிந்து இரண்டு கடை ஆகும்போது நேர்வது வேறு வகைத் துயரம். இருவரும் அதே பெயரைச் சற்றே மாற்றி வைத்துக்கொண்டு, 'எங்களுக்கு வேறு கிளைகள் கிடையாது' என்று இருவருமே பலகை வைத்திருப்பதை இரண்டு மாவட்டங்களிலும் காணலாம். பெயரும் சின்னமும் யாருக்கு உரியவை என்பதைத் தொழில் நன்றாக நடக்கும் காலத்திலேயே எழுத்தில் வைத்து, வணிகக் குறியாகவும் (டிரேட்மார்க்) பதிவு செய்துவிடுவதே நல்லது. 1999ஆம் ஆண்டின் வணிகக் குறிகள் சட்டப்படி பதிவு பத்து ஆண்டுகளுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் இணையவழியில் விண்ணப்பிக்க ஒரு வகுப்புக்கு, அதாவது ஒரு சரக்கு வகைக்கு, 4,500 ரூபாய் கட்டணம். நிப்பட்டு, முறுக்கு முதலியவை 30ஆம் வகுப்பிலும், பழக்கூழ் 29ஆம் வகுப்பிலும், பழச்சாறு 32ஆம் வகுப்பிலும் வருகின்றன. நிறத்தைக் குறிப்பிட்டு வரையறுக்காமல் பதிவு செய்தால் எல்லா நிறங்களுக்கும் அது பொருந்தும். பதிவு கிடைப்பதற்கு முன்பே வட்டத்துக்குள் 'ஆர்' போட்டுக்கொள்வது சட்டப்படி தவறு. அதுவரை 'டிஎம்' போட்டுக்கொள்ளலாம். பதிவான குறியை ஐந்து ஆண்டுகளுக்கு மேல் பயன்படுத்தாமல் விட்டால், அதை நீக்கும்படி மற்றவர் கேட்கவும் இடமுண்டு. ஒன்றைப் பதிவு செய்துவிட்டு வேறொன்றை அச்சிட்டுக்கொண்டிருப்பவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

கூகுள் வரைபடத்தில் கடையின் பெயரும் எண்ணும் பலகையில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று இன்றைக்கே ஒருமுறை பார்த்துவிடுங்கள். பல இடங்களில் யாரோ ஒரு வாடிக்கையாளர் சேர்த்த பெயரே இன்னும் இருக்கிறது.

காவேரிப்பட்டணத்துக்காரருக்குக் கவர் வடிவமைப்பதற்கு முன்பு ஒரே ஒரு தாள் தயாரித்தோம். தமிழ், ஆங்கிலம், கன்னடம் ஆகிய மூன்றிலும் பெயரின் சரியான எழுத்து, 'ஸ்ரீ' கிடையாது என்ற குறிப்பு, ஐந்து சுடருள்ள விளக்கு, அரக்குச் சிவப்பின் நான்கு மை விழுக்காடு, சின்னத்தைச் சுற்றி விட வேண்டிய இடைவெளி, எந்தத் தொலைபேசி எண்ணை அச்சிடுவது, மூலக் கோப்பு எந்த மின்னஞ்சலில் இருக்கிறது என்பன அதில் இருக்கின்றன. மேலே தேதி போட்டிருக்கிறது. அதை லேமினேட் செய்து ஒன்றைக் கல்லாப்பெட்டி மூடியின் உட்புறம் ஒட்டினார், ஒன்றை மகனிடம் கொடுத்தார், ஒன்றைக் காலண்டர் ஏஜென்ட்டுக்கென்று தனியே எடுத்து வைத்தார். இந்த ஆண்டு புரூஃப் வந்தபோது அவர் முதலில் எண்ணிப் பார்த்தது சுடர்களை.