பொடக்காலியைத் திருத்தாதீர்கள்: சொல்லின் வேர் தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொங்குப் பேச்சின் சொற்களை ஆராயும் எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூடலுக்குப் புதிதாக யாராவது வந்துகொண்டே இருக்கிறார்கள். கோபியில் இருந்து ஒரு பள்ளி ஆசிரியை, தாராபுரத்துப் பருத்தி வியாபாரி, ஷார்ஜாவில் உட்கார்ந்துகொண்டு ஊர்ப்பேச்சுக்கு ஏங்கும் காங்கயத்துக்காரர். கணினித் திரையில் கூடி ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு, அது எங்கிருந்து வந்தது, யாரோடு உறவு என்று பொழுது போவதே தெரியாமல் பழமை பேசுவோம். புதியவர்கள் வந்த வேகத்தில் சறுக்கும் இடங்கள் ஏறத்தாழ எப்போதும் ஒன்றேதான். பழைய ஆட்கள் நாங்களும் அங்கேதான் சறுக்கினோம். கைப்பேசியில் சுற்றி வருவதை அப்படியே நம்பாதீர்கள் என்பது போன்ற, எல்லோரும் சொல்லும் புத்திமதிகளை விட்டுவிடுகிறேன்.

காதுக்கு ஒன்றாகக் கேட்டால் உறவு என்று நினைப்பது

தமிழ் ‘ஒன்று’தான் ஆங்கில ‘ஒன்’ ஆயிற்று என்று யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார். அந்த ஆங்கிலச் சொல்லின் பழைய வடிவம் ‘ஆன்’. இன்று கேட்கும் வகர ஓசை இடைக்காலத்தின் பிற்பகுதியில் வந்து ஒட்டிக்கொண்டது. ‘அலோன்’, ‘ஓன்லி’ என்ற சொற்களுக்குள் வகரம் இல்லாத அந்தப் பழைய உச்சரிப்பின் வழி இன்னும் தெரிகிறது. இன்றைய ஓசைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பயனில்லை. இரண்டையும் பின்னால் கொண்டுபோய் ஒப்பிட வேண்டும்.

‘காசு’ இன்னும் சுவையான வழக்கு. ‘கேஷ்’ தமிழிலிருந்து போனது என்பவரும் பாதி சரி, இல்லை என்பவரும் பாதி சரி. ரொக்கம் என்ற பொருளில் வரும் ‘கேஷ்’, பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சு, இத்தாலியச் சொற்களின் வழி வந்தது. பழைய சென்னைப் பட்டணத்திலும் சீனத்திலும் புழங்கிய சிறு நாணயத்தை ஆங்கிலேயர் ‘கேஷ்’ என்றார்களே, அது நம்முடைய காசு. போர்த்துகீசியர் வாய் வழியாகப் போனது. எழுத்தும் ஓசையும் ஒன்றாகவே இருக்கும் இரண்டு தனிச் சொற்கள் இவை.

ஊர்ப்பெயருக்குக் கதை கிடைத்தால் போதும் என்று நிறுத்துவது

ஈரோட்டுக்கு இரண்டு விளக்கம் சொல்வார்கள். பிரமனின் மண்டையோடு சிவன் கையில் ஒட்டிய புராணத்தை வைத்து ‘ஈர ஓடு’ என்பது ஒன்று. பெரும்பள்ளம், பிச்சைக்காரன்பள்ளம் என்ற இரண்டு ஓடைகளை வைத்து ‘ஈரோடை’ என்பது இன்னொன்று. புதியவர் முதலாவதைப் பார்த்துச் சிரித்துவிட்டு இரண்டாவதை உண்மை என்று எழுதிக்கொள்வார். கதையில் சாமி இல்லை என்பதால் மட்டும் அது சான்றாகிவிடாது. ‘ஓடை’யின் ஐகாரம் எங்கே போயிற்று என்ற கேள்விக்கு அவரும் பதில் சொல்லியாக வேண்டும்.

முதலில் தேட வேண்டியது ஊரின் பழைய எழுத்து வடிவம். திருச்செங்கோட்டைச் சம்பந்தர் ‘கொடிமாடச் செங்குன்றூர்’ என்று பாடுகிறார். குன்று இருந்த இடத்தில் கோடு வந்திருக்கிறது, அவ்வளவுதான். ‘கோடு’ என்றால் மலை முகடு என்ற பழைய பொருளுக்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை. அவிநாசி வேறு மாதிரி. சுந்தரர் பாட்டில் ஊர் ‘புக்கொளியூர்’, அவிநாசி என்பது அங்கே குடியிருக்கும் ஈசன். சாமி பெயர் பிற்பாடு ஊருக்கு நின்றுவிட்டது. அந்தப் பெயருக்கு விளக்கம் கேட்டு ஊர் மண்ணைத் தோண்டிப் பயனில்லை.

‘கொங்கு’ என்ற பெயரே பெரிய சண்டை. ‘கொங்குதேர் வாழ்க்கை அஞ்சிறைத் தும்பி’ என்ற குறுந்தொகை அடியைக் காட்டி, கொங்கு என்றால் தேன், ஆகவே இது தேன் நாடு என்பார்கள். சொல்லுக்கு அந்தப் பொருள் உண்டுதான். நாட்டுப் பெயர் அதிலிருந்துதான் வந்தது என்பதற்கு அந்த அடியில் எதுவும் இல்லை. பதிற்றுப்பத்தின் 22ஆம் பாட்டில் வரும் ‘ஆகெழு கொங்கர்’, கயிறு கட்டி இறைக்கும் கொஞ்சத் தண்ணீருக்கு மாடுகள் முகவையை (நீர் இறைக்கும் கலத்தை) சுற்றி மொய்க்கும் வறண்ட நிலத்துக்காரர்கள். தேன் என்பவர்கள் இந்தப் பாட்டையும் கணக்கில் வைத்துப் பேச வேண்டும்.

கேட்ட சொல்லைத் திருத்தி எழுதுவது

மற்றதெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். இதை மட்டும் இன்றைக்கும் என்னால் பொறுக்க முடிவதில்லை.

சிவன்மலைப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி சேர்ந்தார். ஆர்வத்துக்குக் குறைவில்லை. அவருடைய அம்மாயி, அதாவது அம்மாவின் அம்மா, எண்பதைத் தாண்டியவர். பல் போனாலும் பேச்சு குறையாதவர். விடுமுறைக்குப் போகும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு ஒரு நோட்டு நிறைய எழுதி வைத்திருந்தார். அம்மாயி காலமான பிறகு அந்த நோட்டைக் கூடலில் திரையில் காட்டினார். எங்களுக்கெல்லாம் நாக்கில் எச்சில் ஊறியது. முதல் பக்கத்தில் புழக்கடை, நோன்பு, உறவினர், கோடைக்காலம் என்று இருந்தது. இரண்டாம் பக்கமும் அதே லட்சணம்.

“ஏந்தம்பி, அம்மாயி இப்படியா பேசுனாங்க?” என்று கேட்டோம்.

“இல்லைங்க, அவங்க கொச்சையாச் சொல்லுவாங்க. நான் சரி பண்ணி எழுதிட்டேனுங்க.”

அதற்குமேல் அவரிடம் என்ன சொல்ல? திரும்பப் போய்க் கேட்க அம்மாயி இல்லை.

என்ன போயிற்று என்று பாருங்கள். வீட்டுக்குப் பின்புறத்தை நம் பக்கத்தில் பொடக்காலி என்போம். பொடக்காளி என்று எழுதுவோரும் உண்டு. இதைப் ‘புழக்கடை’ என்று திருத்தியவர் இரண்டும் ஒரே சொல் என்று தானாகவே தீர்ப்பு எழுதிவிட்டார். பேச்சுத் தமிழில் அடுத்த அசையில் அகரமோ ஐகாரமோ வந்தால் முன்னால் இருக்கும் உகரம் ஒகரமாகும், இகரம் எகரமாகும். குடம் கொடமாவதும் இலை எலையாவதும் அப்படித்தான். ஆகவே ‘பொட’வுக்குப் பின்னால் ‘புட’ இருக்கலாம். ‘புடை’ என்றால் பக்கம். ‘புழை’ என்றால் துவாரம், வாசல். நம் பேச்சில் ழகரம் ளகரமாவதை நிறையக் கேட்டிருக்கிறேன். டகரமாகி நான் கேட்டதில்லை. எந்தப் பக்கம் போவது என்று காட்டியிருக்கக்கூடிய ஒரே தடயம் அந்த ‘ட’தான். அதைத்தான் அந்தத் தம்பி பேனாவால் அடித்துவிட்டார். பின்பாதி லகரமா ளகரமா என்று அம்மாயி வாயிலிருந்து தெரிந்துகொள்ளும் வாய்ப்பும் அதோடு போயிற்று.

‘நோம்பி’யை நோன்பு என்று எழுதியது இன்னும் மோசம். நோன்பு என்றால் வயிறு காயும். நம் ஊர் மாரியம்மன் நோம்பிக்குக் கெடா வெட்டுவார்கள். காப்புக் கட்டி விரதம் இருப்பதில் தொடங்கி, திருவிழா முழுவதற்கும் அந்தப் பெயர் விரிந்திருக்கிறது. ஓசை மாறியதும் பொருள் விரிந்ததும் அந்த ஒரே சொல்லில் இருந்தன. நோட்டில் இரண்டும் இல்லை. ‘உறவினர்’ என்ற இடத்தில் அம்மாயி சொன்னது ஒறம்பரையாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் அது என் ஊகம், என் ஊகத்தை அவர் பேரில் எழுத முடியாது.

எரிச்சல் இத்தோடு நிற்பதில்லை. இப்படித் திருத்திய பட்டியல் ஒன்று கைமாறிக் கைமாறி ஒரு விழா மலரில் அச்சாகியது. அப்புறம் ஒருவர் எங்கள் கூடலுக்கே வந்து, “கொங்கு நாட்டில் புழக்கடை என்றுதான் சொல்கிறார்கள், மலரில் போட்டிருக்கிறது” என்று வாதாடினார். பொடக்காலியில் விளையாடி வளர்ந்தவர்களிடமே!

சரி, எப்படி எழுதுவது? நோட்டில் நான்கு பத்தி போடுங்கள். முதலில் காதில் விழுந்த ஓசை, விழுந்தபடியே. தப்பாகத் தோன்றினாலும் அப்படியே. அடுத்தது அந்தச் சொல் வந்த முழு வாக்கியம். மூன்றாவதில் ஊர், பேசியவரின் ஏறத்தாழ வயது, தொழில். உங்கள் ஊகம், இலக்கிய வடிவம், எதுவானாலும் நான்காவதில் மட்டும். கைப்பேசியில் தட்டச்சு செய்தால் தானாகத் திருத்தும் வசதியை முதலில் அணைத்துவிடுங்கள். ‘ஒறம்பரை’ என்று அடிக்க அது விடாது. பேசுபவர் சம்மதித்தால் குரலைப் பதிந்து வையுங்கள். லகரமா ளகரமா என்ற சந்தேகம் பெரும்பாலும் பிற்பாடுதான் வரும்.

கன்னடத்தில் இருந்தால் கன்னடச் சொல்தான் என்பது

தென்மொழிகள் ஒரே குடும்பம் என்று சென்னையில் ஆங்கிலேய அதிகாரியாக இருந்த எல்லிஸ் 1816இலும் கால்டுவெல் 1856இலும் எழுதியாயிற்று. இன்னமும் ஒரு சொல் இரண்டு மொழியில் இருந்தால் யார் யாரிடம் கடன் வாங்கியது என்ற கேள்விதான் முதலில் வருகிறது. பாட்டன் சொத்தில் இரண்டு பேருக்கும் பங்கு இருக்கலாமே.

வெயில் காலத்தை நாம் வேசகாலம் என்கிறோம். கன்னடத்தில் ‘பேசிகெ’ இருக்கிறது, ஆகவே மைசூர்ப் பக்கமிருந்து இறங்கியது என்றார் ஒருவர். தமிழில் வகரத்தில் தொடங்கும் பல சொற்கள் கன்னடத்தில் பகரத்தில் தொடங்கும்: வா–பா, வேர்–பேரு, வெள்ளி–பெள்ளி. அங்கிருந்து நேராக வந்திருந்தால் அந்தப் பகரமும் கூடவே வந்திருக்க வேண்டும். வே, வேகு, வேனில் என்று வெப்பம் குறிக்கும் வேர் தமிழிலேயே இருக்கிறது. ஆனால் தெலுங்கில் ‘வேசவி’ என்றும் உண்டு, அங்கே வகரம்தான். கொங்கு நாட்டில் தெலுங்கு பேசும் குடிகள் பல தலைமுறையாக இருக்கிறார்கள். ஆகக் கன்னட வழி அடைபடுகிறது, தெலுங்கு வழி திறந்திருக்கிறது. இப்போதைக்கு நோட்டில் அப்படியே எழுதி வையுங்கள்.

“இதற்கு என்ன அர்த்தம்?” என்று பெரியவர்களிடம் கேட்பது

கேட்காதீர்கள். மரியாதைக்கு ஏதாவது சொல்லி அனுப்பிவிடுவார்கள். மாடு கட்டும் கட்டுத்தரையில் அவர்கள் வேலை செய்யும்போது பக்கத்தில் நில்லுங்கள்.

சாதிப் பெயர்களின் வேர்

முதல் வருடம் தொடாதீர்கள்.

அகராதியைத் தப்பாகப் படிப்பது

சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் 1924இலிருந்து 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. லட்சத்துக்கு மேல் சொற்கள். அதில் இல்லை என்றால் சொல் புதிது என்று முடிவு கட்டுகிறார்கள். ஏட்டிலும் அச்சிலும் ஏறாமல் வாயிலேயே வாழ்ந்த சொற்கள் அதில் நிறைய விடுபட்டிருக்கும். பெருமாள்முருகன் தொகுத்த கொங்கு வட்டாரச் சொல்லகராதியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

மொழியியலாளர்கள் பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியில் (1961, திருத்திய பதிப்பு 1984) வேறொரு சறுக்கல். தமிழ்ச் சொல் உள்ள பதிவுகளிலெல்லாம் தமிழ் முதலில் நிற்கும், பிற மொழிகள் அடுத்து வரும். உடனே, “பாருங்க, தமிழ்தான் தாய், மற்றதெல்லாம் அதிலிருந்து பிறந்தது” என்று கை தூக்குவார்கள். அது அடுக்கிய வரிசை, வம்சாவளி இல்லை. தென்மொழிகளுக்கெல்லாம் பொதுவான மூலத் திராவிட வடிவம் இதுதான் என்று அந்த அகராதி மீட்டெடுத்துத் தருவதும் இல்லை. உறவுச் சொற்களை ஓரிடத்தில் கூட்டி வைக்கிறது. புதியவர்கள் தாண்டிப் போகிற இருளர், கோத்தர், தோடர் மொழி வரிகளைத்தான் நாம் நின்று படிக்க வேண்டும். எமனோ 1930களில் நீலகிரியில் கோத்தர், தோடர் பேச்சைக் காதால் கேட்டுக் குறித்தவர். மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ஏறினால் அந்த ஊர்கள் வந்துவிடும். கொங்குச் சொல் ஒன்றுக்குச் சமவெளியில் துணை கிடைக்காதபோது நான் முதலில் திருப்பிப் பார்ப்பது அந்த வரிகளைத்தான்.