லான்ட்மாஸ்டரில் பெட்டி கொழுவி ஓடுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லான்ட்மாஸ்டர் என்ற இரண்டு சில்லு உழவு இயந்திரத்தின் பின்னால் கொழுவும் பெட்டியில் இருந்துதான் சாரதி ஓட்டுவார். அந்தப் பெட்டியை எஞ்சின் இழுக்கிறது என்பது சமதரையிலும் ஏற்றத்திலும் மட்டுமே உண்மை. இறக்கத்திலும் வேகத்தைக் குறைக்கும்போதும் பெட்டிதான் எஞ்சினைத் தள்ளும். இதை மனதில் வைக்காமல் ஓடுவதே முதல் தவறு. யாழ்ப்பாணத்தில் இறக்கம் எங்கே என்று கேட்கலாம். குளக்கட்டு, மதகு, வயலிலிருந்து றோட்டுக்கு ஏறி இறங்கும் இடம், சங்குப்பிட்டிப் பாலம் எல்லாம் இறக்கம்தான்.

கைபிடியில் இரண்டு பக்கமும் திருப்பும் கிளச் இருக்கிறது. சமதரையில் இடப்பக்கத்தைப் பிடித்தால் இடச்சில்லுக்கு எஞ்சினின் வலு போகாது, வண்டி இடப்பக்கம் திரும்பும். பாரம் பின்னால் தள்ளும்போது அதே கிளச்சைப் பிடித்தால் நடப்பது நேர்மாறு: இடச்சில்லு கட்டில்லாமல் உருளும், வலச்சில்லை எஞ்சின் பிடித்துவைத்திருக்கும், வண்டி வலப்பக்கம் இழுக்கும். நமது நாட்டில் வலப்பக்கம் என்றால் எதிரே வரும் பஸ்ஸின் முன்னால். பழகிய கைகூடப் பதற்றத்தில் பழக்கமான பக்கத்தைத்தான் பிடிக்கும். ஆகவே இறக்கம் தொடங்குமுன்னரே சிறிய கியருக்கு மாற்றி, எஞ்சின் வேகத்தைக் குறைத்து, பக்கக் கிளச்சைத் தொடாமல் கைபிடியாலேயே திருப்பி, பெட்டிச் சில்லின் கால் பிறேக்கை மெல்ல மெல்ல அழுத்தி இறங்குங்கள். டீசலை மிச்சம்பிடிக்க நியூற்றலில் விடுவது வேண்டவே வேண்டாம். அப்போது பெட்டியைத் தடுக்க எஞ்சின் இருக்காது.

அந்தக் கால் பிறேக் வேலை செய்யாத பெட்டியில் பாரம் ஏற்றவே கூடாது என்பது என் உறுதியான எண்ணம். வேகம் இருமடங்கானால் நிறுத்த வேண்டிய இயக்கச் சக்தி நான்கு மடங்காகும், பாரம் கூடினாலும் அது கூடும். வெறும் பெட்டியோடு நின்ற வண்டி மணலோடும் அப்படியே நிற்கும் என்று நம்ப வேண்டாம்.

பாரத்தை எங்கே வைக்கிறோம் என்பது எவ்வளவு ஏற்றுகிறோம் என்பதைப் போலவே முக்கியம். வெங்காய மூடைகளைப் பின்பக்கமாக அடுக்கினால் பெட்டியின் முன்பக்கம் மேலே கிளம்பப் பார்க்கும். எஞ்சின் சில்லுகளின் பிடி குறையும், பெட்டி வாலாட்டத் தொடங்கும். முழுவதையும் முன்னால் குவித்தால் கைபிடி கனத்துத் திருப்பச் சிரமம். பெட்டி அச்சுக்கு நேரே பெரும்பகுதியையும், கொஞ்சம் முன்னுக்கும் வையுங்கள். பாரமானது அடியில், இலேசானது மேலே.

பூநகரியிலிருந்து வைக்கோல் ஏற்றி வருபவர்கள் உயரத்தையும் பார்க்க வேண்டும். தென்மேற்குக் காற்று வீசும் சோளகக் காலத்தில் கேரதீவுப் பக்கத்து வெட்டவெளியில் குறுக்குக் காற்று உயர்ந்த வைக்கோல் கட்டைக் கப்பற்பாயைப்போல் பிடித்துத் தள்ளும். கயிறு இறுக்கமாக இருந்தால் கட்டு சரியாமல் இருக்கலாம், பெட்டி சாய்வதை அது தடுக்காது. உயரத்தைக் குறைத்து இரண்டு நடை ஓடுவது நல்லது.

பெட்டியை எஞ்சினோடு கொழுவும் இரும்புப் பின்னுக்கு (pin) பதிலாகக் கம்பித்துண்டைச் செருகி, கிளிப் போடாமல் புறப்படுபவர்களைக் கண்டால் தயவுசெய்து மறியுங்கள். பள்ளத்தில் குலுங்கும்போது செருகியது மேலே எழும்பிக் கழன்றால், சாரதி இருக்கும் பெட்டிக்கு முன்னால் எதுவும் இருக்காது. ரயர்களின் காற்று இரண்டு பக்கமும் சமமா என்றும் அதே நேரத்தில் பார்த்துவிடலாம்.

கடைசியாக இரவு. ஏ-9 வீதியில் நீங்கள் மணிக்கு 15 கிலோமீற்றரில் போகிறீர்கள், பின்னால் வான் 60இல் வருகிறது. இடைவெளி வினாடிக்கு 12 மீற்றருக்கு மேல் குறைகிறது. 50 மீற்றரில்தான் பெட்டி தெரிந்தால் வான்காரருக்கு இருப்பது நான்கு வினாடிகள். ஒளிதெறிக்கும் சிவப்புத் தகடு இரண்டு மூலையிலும், எரியும் சிவப்பு லைற்றும் கட்டாயம். கோவிலுக்கு ஆட்களை ஏற்றினால் இன்னும் கூடுதலாகப் பாருங்கள்: பெட்டி விளிம்பிலோ கொழுவும் கம்பியிலோ பிள்ளைகளை இருத்தாதீர்கள். ஒரு குலுக்கலில் அவர்கள் விழுவது பெட்டிச் சில்லுக்கு முன்னால்தான்.