சின்ன ஆர்க்யூமென்ட்டும் மேல் பிட் குப்பையும்

மடிவாளாவில் ரூமில் உட்கார்ந்து இரண்டு ராத்திரி தொலைத்த கதையிலிருந்து ஆரம்பிக்கிறேன். 32 பிட் ஆர்ம் (ARM) பிராசசரில் ஒழுங்காக ஓடிய ஒரு அசெம்ப்ளி ரொட்டீன், 256 இடமுள்ள டேபிளில் ஒரு மதிப்பைத் தேடித் தரும், அவ்வளவுதான். அதை 64 பிட் ஆர்முக்கு மாற்றி, கிளாங் என்ற கம்பைலரில் கம்பைல் செய்த சி கோடிலிருந்து கூப்பிட்டேன். ஒரு இன்டில் இருந்த 300, 8 பிட் அன்சைன்ட் சாராகப் போகும்போது 300 - 256 = 44 ஆகியிருக்க வேண்டும். ரெஜிஸ்டரில் 300 அப்படியே வந்து டேபிளைத் தாண்டிப் படித்தது.

கம்பைலர் மேல் தப்பில்லை. சார், ஷார்ட் எல்லாம் பெரிய ரெஜிஸ்டரில் போகும்போது மிச்ச மேல் பிட்களைச் சைனுக்கு ஏற்ப 0 அல்லது 1 போட்டுச் சரிசெய்வது, அதாவது நீட்டுவது, காலரா (கூப்பிடும் கோட்), காலீயா (கூப்பிடப்படும் பங்ஷன்) என்பது பிராசசருக்குப் பிராசசர் மாறும்.

சோதிப்பது சுலபம். சைன்ட் சார் ஒன்றை வாங்கி இன்டாகத் திருப்பும் ஒருவரி பங்ஷன் எழுதி, ஓ2 ஆப்டிமைசேஷன் போட்டு, வரும் அசெம்ப்ளியைப் பாருங்கள் (கிராஸ் கம்பைலர் இல்லையா, பிரவுசரிலேயே கம்பைல் செய்து காட்டும் காட்போல்ட் தளம் போதும்). 32 பிட் ஆர்மில் வெறும் ரிட்டர்ன்தான் இருக்கும், ஏனென்றால் காலர் ஏற்கனவே 32 பிட்டுக்கு நீட்டி அனுப்பியாக வேண்டும். 64 பிட் ஆர்மில் எஸ்எக்ஸ்டிபி (8 பிட் மதிப்பை நீட்டும் இன்ஸ்ட்ரக்ஷன்) என்று ஒரு வரி கூடுதலாக வரும், நீட்டுவது காலீயின் வேலை. ஆனால் ஆப்பிள் மட்டும் அதே சிப்பில் காலரையே நீட்டச் சொல்கிறது!

64 பிட் எக்ஸ்86 லினக்ஸ்தான் பெரிய கூத்து. ஏபிஐ (ABI, பங்ஷன்கள் ஒன்றையொன்று கூப்பிடும் விதிகள்) ஆவணம் இதைத் தெளிவாகச் சொல்வதில்லை. ஜிசிசி கம்பைலர் அனுப்பும்போதும் நீட்டும், வாங்கும்போதும் நீட்டும், கிளாங்கோ காலர் 32 பிட்டுக்கு நீட்டியிருப்பார் என்று நம்பிவிடும். அதனால் அசெம்ப்ளியிலிருந்து சி பங்ஷனைக் கூப்பிடுகிறீர்களா, நீங்களே நீட்டி அனுப்புங்கள். சி உங்களைக் கூப்பிட்டால் வந்ததை நம்பாமல் மறுபடி நீட்டுங்கள். ஒரு இன்ஸ்ட்ரக்ஷன் கூடுவதால் குடி முழுகிவிடாது.

64 பிட் ரிஸ்க்-வி பிராசசரில் காலர்தான் நீட்டுவார், சரி, ஆனால் 32 பிட் அன்சைன்ட் இன்டைக்கூட சைன் எக்ஸ்டென்ட் செய்துதான் (உச்சி பிட்டையே மேல் பாதி முழுக்க நிரப்பித்தான்) அனுப்புவார். மேல் பாதி பிட்கள் முழுக்க 1 ஆக இருப்பதைப் பார்த்து பக் என்று பதற வேண்டாம்.

அப்புறம், ஹெடரில் இருக்கும் புரோட்டோடைப்பும் டெபினிஷனும் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். புரோட்டோடைப் இல்லாமல் கூப்பிட்டால் சார் இன்டாகவும் ஃப்ளோட் டபுளாகவும் மாறிப் போகும். 2024இல் வந்த ஜிசிசி 14, டிக்ளேர் செய்யாத பங்ஷனைக் கூப்பிட்டாலே எரர் தருகிறது. பழைய ஜிசிசி வைத்திருப்பவர்கள் அந்த வார்னிங்கைக் கையால் எரராக மாற்றிக்கொள்ளுங்கள்.