பழைய கார் ஸ்டியரிங்: ஸ்க்ரூவை முறுக்குவதற்கு முன்

ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு. பழைய அம்பாசடரிலோ பத்மினியிலோ ஸ்டியரிங் ஆட்டம் (வீலைக் கொஞ்சம் திருப்பியும் சக்கரம் திரும்பாத தளர்ச்சி) இருந்தால் சேலம் டவுனுக்குள் ஓட்டும்வரை பெரிதாகத் தெரியாது, அடிவாரம் தாண்டி ரெண்டு வளைவு ஏறினால் தெரிந்துவிடும். பத்மினி மாதிரி ஸ்டியரிங் பாக்ஸ் உள்ள வண்டியைப் பட்டறையில் விட்டால் பலர் முதலில் கை வைப்பது பாக்ஸில் இருக்கும் அட்ஜஸ்ட் ஸ்க்ரூவில்தான். தப்பு அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது. அது கடைசியாகத் தொட வேண்டிய ஸ்க்ரூ.

முதலில் ஆட்டம் எங்கே என்று கண்டுபிடியுங்கள். வண்டி நாலு சக்கரத்திலும் தரையில் நிற்கட்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கை லேசாக இப்படியும் அப்படியும் ஆட்ட, இன்னொருவர் கீழே போய் ஒவ்வொரு ஜாயிண்டிலும் விரலை வைத்துப் பார்க்க வேண்டும். ஜாயிண்டின் ஒரு பக்கம் நகர்ந்து மறுபக்கம் கொஞ்சம் பிந்தி நகர்ந்தால் தேய்மானம் அங்கேதான், கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் விரலுக்குத் தெரியும். பத்மினியில் ஐட்லர் ஆர்ம் (பாக்ஸுக்கு எதிர்ப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் கை) புஷ்ஷை மறக்காதீர்கள். அப்புறம் ஜாக்கி போட்டு, ஸ்டாண்டும் வைத்து, சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆடினால் ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றால் வீல் பேரிங், நிற்காவிட்டால் சக்கரம் திரும்புவதற்கு அச்சாக இருக்கும் கிங் பின் பக்கம்.

இதெல்லாம் சரியாக இருந்து பாக்ஸில்தான் ஆட்டம் என்றால் மட்டும் ஸ்க்ரூ. வண்டி பெரும்பாலும் நேராகவே ஓடுவதால் உள்ளே இருக்கும் வார்ம் (ஸ்டியரிங்கோடு சுற்றும் திருகுப் பல்) நடுவில்தான் அதிகம் தேயும். நடுவில் துளி ஆட்டமும் இருக்கக் கூடாது என்று இறுக்கினால், அதிகம் தேயாத ஓரங்களுக்குத் திருப்பும்போது பிடிக்கும், அதையும் மீறித் திருப்பினால் வார்மும் பேரிங்கும் சேர்ந்து போகும். சக்கரம் திரும்பிய நிலையில் இறுக்குவது இன்னொரு தப்பு. பல பாக்ஸ்களில் ஓரத்தில் கொஞ்சம் இடைவெளி வேண்டுமென்றே விட்டிருப்பார்கள், அதை அடைத்தால் நேராக ஓடும்போது பிடித்துக்கொள்ளும். அதனால் சக்கரம் நேராக, முன்பக்கம் தூக்கி, பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகும் லிங்கைக் கழற்றிவிட்டு, லாக் நட்டைத் தளர்த்திக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்புங்கள். ஒவ்வொரு தடவையும் இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிவரை சுற்றிப் பாருங்கள், எங்கேயாவது கனத்தால் தளர்த்திவிடுங்கள். கொஞ்சம் ஆட்டம் இருக்கட்டும், பரவாயில்லை. கொண்டை ஊசி வளைவு முடிந்தும் ஸ்டியரிங் தானாகத் திரும்பி வராத வண்டிதான் ஆபத்து.

நம்ம பக்கம் சங்ககிரி, நாமக்கல் லாரிகளில் பழகிய கைகள் நிறைய. குறையாகச் சொல்லவில்லை, ஆனால் லாரிக்கு அடிக்கிற அடியை ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் மாதிரி சின்னக் காரின் டை ராடு (சக்கரத்தைத் திருப்பும் கம்பி) முனையில் அடித்தால் ஸ்டட் தலை நசுங்கி மரை போய்விடும். புல்லர் இருந்தால் அதைப் போடுங்கள். இல்லையென்றால் நட்டை முழுசாகக் கழற்றாமல் சில மரையில் நிறுத்திவிட்டு, ஆர்மின் கண் இருக்கிற இடத்தில் ஒரு பக்கம் கனமான சுத்தியலை அணை கொடுத்து, எதிர்ப்பக்கம் ஒரு தட்டு. கூம்பாக இறுகியிருக்கும் டேப்பர் தானே விட்டுவிடும். கவட்டை மாதிரி நுனி பிளந்த கம்பியை நுழைத்து நெம்பினால் ரப்பர் பூட் கிழியும், பூட் கிழிந்த ஜாயிண்டில் மண்ணும் தண்ணீரும் போய்விடும். ஸ்டியரிங் வீலைக் கழற்றவும் இதே விதிதான், ஷாஃப்ட்டின் தலையில் அடித்தால் அந்த அடி கீழே பேரிங்குக்குப் போகும்.

மாட்டும்போது காசில் நட்டின் (பின் போட வெட்டு உள்ள நட்டு) ஓட்டை சேரவில்லை என்று பின்னால் தளர்த்தாதீர்கள், முன்னால்தான் இறுக்க வேண்டும். ஸ்ப்ளிட் பின் ஒவ்வொரு முறையும் புதுசு.

அம்பாசடரிலும் ஹெரால்டிலும் பாக்ஸ் இல்லை, பல் வெட்டிய சட்டம் இடம் வலமாக நகரும் ராக் ஸ்டியரிங். அலைன்மென்ட்டுக்காக டை ராடைத் திருப்பும் முன் பூட் கிளிப்பைத் தளர்த்தாவிட்டால் பூட் முறுக்கிக்கொள்ளும். ரெண்டு பக்கமும் சமமாகத் திருப்புங்கள், ஒரே பக்கம் திருப்பினால் ஸ்டியரிங் வீல் கோணலாக நிற்கும். மரையில் பைப் ரெஞ்ச் வேண்டவே வேண்டாம்.

அடுத்தது எண்ணெய். பாக்ஸ் ஒழுகுகிறது என்று கியர் ஆயிலுக்குப் பதில் கெட்டி கிரீஸை அடைப்பவர்கள் உண்டு. வார்ம் சுற்றும்போது அது ஓரமாக ஒதுங்கிவிடும், திரும்பி வராது, வார்ம் காய்ந்தே ஓடும். சீலை மாற்றுங்கள், செலவு அதிகமில்லை. ஹெரால்டில் இதைவிட மோசமான ஒன்று உண்டு: முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்து லிங்க்கின் கீழ்முனை மரையில் திரும்பும் ட்ரனியன். அதற்கு கியர் ஆயில்தான். கிரீஸ் நிப்பிள் மாதிரி இருப்பதைப் பார்த்து கிரீஸ் கன்னை வைத்துவிடுகிறார்கள். கிரீஸ் உள்ளே காய்ந்து அடைத்துக்கொள்ள, மரை துருப்பிடித்து ஒருநாள் அந்த லிங்க் முறிந்து சக்கரமே சாய்ந்துவிடும்.

வேலை முடிந்ததும் அலைன்மென்ட் பார்த்துவிட்டு, முதலில் சமதளத்தில் ஓட்டுங்கள். திருப்பிவிட்டுக் கையைத் தளர்த்தினால் ஸ்டியரிங் நடுவுக்கு வருகிறதா என்று பார்த்து, வீடு திரும்பியதும் லாக் நட் எல்லாவற்றிலும் இன்னொரு முறை ஸ்பானர் வைத்துப் பாருங்கள். ஏற்காடு அதற்கப்புறம்.